ஒத்திகை ராணி

என் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வந்தால் அன்றைக்கு மழை பெய்யும். வருஷம் முழுக்க எனக்குப் பெயர் 'இந்தா'தான். "இந்தா, சோறு போடு." "இந்தா, சட்டைய எடு." போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவர். அந்த ஜீப்பிடம் பேசுகிற பேச்சில் பாதியை என்னிடம் பேசியிருந்தால் நான் இரண்டு சுற்றுப் பெருத்திருப்பேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் எங்கள் சிலமலையில் கோயில் பொங்கலுக்கு நாடகம் போட்டார்கள். நடிக்கிறது எல்லாம் ஊர்க்காரர்கள். மலைக்கு வேட்டைக்குப் போன ராஜா ஒரு மலைப்பெண்ணைக் கண்டு ராணியாக்குகிற கதை; கதையும் பாட்டும் டெய்லர் கன்னையன் கட்டியது. குரல் கணீரென்று இருக்கிறதென்று ராஜா வேஷத்தை இவருக்குக் கொடுத்தார்கள். மந்திரியாக வந்த சுருளிவேலுக்கு அது பொறுக்கவில்லை. "கோட்டைச்சாமி மேடையில திணறுனா அடுத்த வருசம் கிரீடம் எனக்கு" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ராணி வேஷத்துக்கு மட்டும் மதுரையிலிருந்து நடிகை. ஊர்ப் பெண் மேடையேறினால் மானம் போய்விடுமாம். வெளியூர்க்காரி ஏறினால் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்களாம். என்ன நியாயமோ!

அந்த நடிகை நாடகத்தன்றுதான் பஸ்சில் வந்து இறங்குவாள். அதுவரைக்கும் ராணி பாட்டை யார் பாடுவது? நான்தான்.

எனக்கு வெயில்காலம் முழுக்கப் புளி தட்டுகிற சோலி. கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, கொட்டை ஒரு பக்கம், சுளை ஒரு பக்கம். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. கன்னையன் சொல்லிக் கொடுத்ததைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, என் எதிரே குத்தவைத்து, என் சுத்தியல் தட்டுக்குத் தக்கபடி பாடுவார்.

"மலைதாண்டி வந்தேனடி மானே – உன்
மனசுக்குள்ளே எடமிருக்கா தேனே?"

எட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வாய் என்னைத் 'தேனே' என்றது அன்றைக்குத்தான். சுத்தியல் புளியில் விழாமல் என் விரலில் விழுந்தது. வலியே தெரியவில்லை, போங்கள்.

இதற்கு ராணி என்ன பதில் சொல்லவேண்டும் என்று கேட்டேன். கன்னையன் கட்டியதைச் சொன்னார்: 'அரசே என் இதயம் உம் அரண்மனை, அதில் அடியாளோ வாசல்காக்கும் காவல்துணை.'

"வாசலக் காக்க அவ என்ன நாயா?" என்றேன். "இதெல்லாம் எனக்கு வராது. நான் பாடுறேன், கேளுங்க."

"எடமிருக்கு ஒருத்தருக்கு ராசா – அங்கே
எவ வந்து பார்த்தாலும் விடுவேனா லேசா?"

அவர் சிரித்தே விட்டார். அந்த மனுஷன் பல்லைப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. என் அடிக்குக் கன்னையனின் அடுத்த அடி பொருந்தவில்லை. அதனால் அவரே தலையைச் சொறிந்து, கொட்டையை உருட்டி உருட்டி, ஒரு பதில் கட்டினார்.

"உன்னை விட்டா எனக்கிங்கே யாரு? – இந்த
ஊரறியச் சொல்லுறேன் நீ பாரு."

பங்குனி பூராவும் இப்படியே பாடினோம். புளி தீர்ந்துவிடக் கூடாதே என்று நான் மெள்ளத் தட்டினேன். இது ஒத்திகை என்பது எனக்கு மறந்தே போனது. அவருக்கோ கன்னையன் கட்டிய அடி மறந்துபோனது.

நாடகத்தன்று மத்தியானம் மதுரை ரஞ்சிதமணி வந்து இறங்கினாள். செக்கச்செவேலென்று, நெளிநெளியாகக் கொண்டையும், கை நிறையக் கண்ணாடி வளையலுமாக. கன்னையன் பாட்டு நோட்டை நீட்டினார். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே ஒருதரம் புரட்டிவிட்டு, "ஆச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று துண்டை இடுப்பில் கட்டுவதும் தோளில் போடுவதுமாகத் தவித்ததைப் பார்க்கவேண்டுமே! எனக்கு என்றைக்காவது துண்டை இறக்கியிருப்பாரா?

கரண்டை நம்ப முடியாதென்று பொழுது சாயும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் பொட்டலில் கீற்றுப் பந்தல் மேடை. பகலெல்லாம் காய்ந்த மணல் இன்னும் சுட்டது. மேற்கே மலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து ஊர் ராசிங்காபுரத்துச் சனமெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தது. பெண்கள் பக்கம் நானும் என் நாத்தனார் குருவம்மாளும் முன்னால் உட்கார்ந்தோம்.

அவர் ஜிகினாச் சட்டையும் கிரீடமுமாக வந்து நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த நிமிஷம் ரஞ்சிதமணி வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். அப்புறம் என் பாட்டு.

"மலைதாண்டி வந்தேனடி மானே..."

என்னைச் சொன்ன அதே மான். என்னைச் சொன்ன அதே தேன். குரல்கூட அதே குரல்.

"என்னடி, மூஞ்சி இப்பிடிப் போகுது?" என்றாள் நாத்தனார். "நாடகந்தானடி!"

"நாடகத்துல மட்டும் கை கை இல்லையா மதினி?" என்றேன்.

ரஞ்சிதமணி நோட்டில் இருந்தபடி பதில் பாடினாள். அரண்மனை, அடியாள், காவல்துணை, ஓர் எழுத்துப் பிசகவில்லை. பாடி முடித்து, தலையைச் சாய்த்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

ஆர்மோனியக்காரர் மெட்டை மறுபடி வாசித்தார். அவளும் மறுபடி பாடினாள். இவர் திருதிருவென்று விழித்தார். எனக்குப் புரிந்துபோனது. என் அடியைக் கேட்டால்தான் அவருக்கு அடுத்த அடி வரும். காது அப்படிப் பழகிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு விசில். அப்புறம் நாலைந்து. "ராசாவுக்கு ஜீப்பு நின்னுபோச்சு, எறங்கித் தள்ளுங்கடா!" என்று எவனோ கத்தினான். சுருளிவேல் மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டு நின்றான்.

எனக்கு முதலில் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும்! இன்றைக்கு மானம் போனால் இனி ஜென்மத்துக்கும் மேடைப் பக்கம் போகமாட்டார், எவள் கையையும் பிடிக்கமாட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது அந்த ரஞ்சிதமணி அவர் தோளில் கைபோட்டு, அடியெடுத்துக் கொடுக்க அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மணலில் நின்று தொண்டை கிழியப் பாடினேன்.

"எடமிருக்கு ஒருத்தருக்கு ராசா – அங்கே
எவ வந்து பார்த்தாலும் விடுவேனா லேசா?"

பொட்டல் கப்சிப் ஆனது. நாத்தனார் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவர் தலை வெடுக்கென்று பெண்கள் பக்கம் திரும்பியது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கையை அவளிடமிருந்து உருவிக்கொண்டு, என்னைப் பார்த்து, மைக்கே வேண்டாத குரலில் பாடினார்.

"உன்னை விட்டா எனக்கிங்கே யாரு? – இந்த
ஊரறியச் சொல்லுறேன் நீ பாரு."

அடேயப்பா! விசிலும் கைதட்டும் மலையில் போய் மோதித் திரும்பின. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடி பாடியே தீரவேண்டும். இல்லாவிட்டால் சனம் நாடகத்தை நகரவிடாது.

நான் மூச்சை இழுத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் ரஞ்சிதமணி என் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். போட்டுவிட்டு மைக்கை இழுத்து என் அடியை அவளே பாடினாள். ஒரே தரம் கேட்டவள்! 'லேசா'வில் நாலு சங்கதி போட்டு, இடுப்பில் கைவைத்து, அவர் மோவாயைத் தொட்டுப் பாடினாள். சனம் எழுந்தே நின்றுவிட்டது. அவரும் சொக்கிப்போய் அவள் மூஞ்சியைப் பார்த்து, 'உன்னை விட்டா எனக்கிங்கே யாரு' என்றார். அதற்கும் ஒன்ஸ்மோர். மூன்று தரம்.

என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றவள் உட்கார்ந்தேன்.

"அடிப் பாவி மகளே, கூலியில்லாம வாத்தியாரம்மாவாப் போயிட்டியேடி" என்றாள் நாத்தனார்.

ராஜா ஜெயித்துவிட்டார். அடுத்த வருஷமும் கிரீடம் அவருக்கே என்று கமிட்டி மேடையிலேயே சொல்லிவிட்டது. மதுரைக்காரி மாலையும் கழுத்துமாகப் பஸ் ஏறிப் போனாள். அவர் கன்னத்தில் ரோஸ் பவுடரோடு வீட்டுக்கு வந்து, "இந்தா, தண்ணி வை" என்றார்.

இந்தா! மறுபடியும் இந்தா!

"அங்க தேனு, இங்க இந்தாவா?" என்று வெடித்தேன். "ஒத்திகைக்கு நானு, மேடைக்கு அவளா? அந்த அடி நான் கட்டுனது. அதுக்குப் பதில நீங்க எனக்குக் கட்டுனீங்க. அவ மூஞ்சியப் பாத்து எப்பிடிப் பாட வந்துச்சு?"

"சனம் கேட்டுச்சு, பாடுனேன். வெவரங்கெட்டவளா இருக்கியே" என்று குளிக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் பேசவில்லை. சோற்றை வைப்பேன், நகர்ந்துவிடுவேன். பொறாமைதான், வேறென்ன? கட்டினவளுக்கு இல்லாத பொறாமை வேறு எவளுக்கு இருக்கும்? ஒன்று மட்டும் என்னைத் தின்றது. அந்தச் சொல்லெல்லாம் எனக்குச் சொன்னதா, அவளுக்காக என்னை வைத்துப் பழகிப் பார்த்ததா?

ஒரு நாள் சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தவர், நான் புளி தட்டுகிற இடத்துக்கு வந்து எதிரே குத்தவைத்தார். நான் நிமிரவில்லை. அவர் ஒரு கொட்டையை எடுத்து உருட்டினார். செருமினார். வாசலில் நாத்தனார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே பாடினார்.

"உன்னை விட்டா எனக்கிங்கே யாரு..."

நாடகம் முடிந்துவிட்டது. அடுத்த நாடகத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கிடக்கிறது. மேடை இல்லை, மைக் இல்லை, மதுரைக்காரியும் இல்லை. இனி எதற்கு ஒத்திகை?

என் கை நின்றுவிட்டது. ஆனாலும் அவ்வளவு லேசில் விடுவேனா? சுத்தியலை ஓங்கிக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினேன். வாசலில் பேச்சு நின்றது.

"ஊரறியன்னுதானே பாட்டு?" என்றேன். "எனக்குக் கேக்கல. ஒன்ஸ்மோர்."