அப்பா எழுதிய இங்கிலீஷ் கடிதம்

ஹெப்சிபா டீச்சரின் கட்டைவிரல் காகிதத்தின் ஓரமாக வரி வரியாக இறங்கிக்கொண்டிருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்துக்குக் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பம்பாயிலிருந்து என் அப்பா எனக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதத்தைப் பத்தாம் வகுப்பு பி பிரிவின் நாற்பத்திரண்டு பேருக்கும் சத்தமாக வாசிக்கிறார், நான் மூன்றாவது பெஞ்சில் எழுந்து நிற்கிறேன், முகத்தில் அடக்கமும் உள்ளே ஆணவமுமாக, ஏனென்றால் கடிதம் நன்றாக இருக்கிறது, இருக்காதா பின்னே, எழுதியது நான்தானே, அப்பாவுக்கு இங்கிலீஷில் ஏ என்ற எழுத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் ஒன்றுதான், நேராகக் காட்டினாலும் ஒன்றுதான், அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்போடு பேச்சு முறிந்துபோயிருந்தது, தாராவியில் ஒரு மாடி அறையில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஏழு பேரோடு தங்கி, விடிவதற்குள் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் பந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருத்தெருவாகப் போவார், பொங்கலுக்கு ஊர் வரும்போது சட்டையில் தேங்காய்ச் சட்னி வாசம் அடிக்கும், சோப்பு போட்டுத் துவைத்தாலும் போகாது, எனக்கு அந்த வாசம் பிடிக்கும்.

ஆனால் இது எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்த அப்பா, என் பக்கத்தில் உட்காரும் பாக்கியசீலிக்குத் தெரிந்த அப்பா வேறு ஆள், அவர் ஒரு கம்பெனியில் மேனேஜர், ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவள் என்னிடம், எங்கப்பா யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கு, ஒங்கப்பா பம்பாயில என்னட்டி செய்தாவ என்று கேட்டாள், என் வாய் நிறைய எலுமிச்சைச் சோறு, விழுங்குவதற்குள் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை, மேனேஜர் என்றேன், அப்பொ இங்கிலீஷ் பேசுவாவளா, தூக்கத்துலகூட இங்கிலீஷ்தான் என்றேன், ஒரு பொய்க்கு ஒரு வாய்ச் சோறுதான் செலவு என்று அப்போது நினைத்தேன், அது வட்டமடித்துத் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆகும் என்று யார் கண்டது.

அது வந்தது ஹெப்சிபா டீச்சர் மதுரையில் ஏதோ டிரெயினிங்குக்குப் போய்விட்டு வந்த வாரத்தில், அதுவரை டீச்சர் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த விதமே தனி, பரீட்சையில் சொந்தப் பெயரோ சொந்த ஊரோ எழுதினால் பேப்பர் செல்லாது, யார் என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது, ஆகவே பெயருக்குப் பதில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊருக்குப் பதில் ஒய் ஒய் ஒய், மறந்துபோய் யாராவது பெயரை எழுதிவிட்டால் அடிஸ்கேலின் விளிம்பு விரல் முட்டியில் விழும், எதிர்காலத்துல என் பேரைச் சொல்லி அழுவீங்க பிள்ளைகளா, இப்பவே அழுதுருங்க என்பார், அப்படியே பழகிப்போனோம், மாமாவுக்கு வாழ்த்து எழுதினாலும் எக்ஸ், தெருவிளக்கு எரியவில்லை என்று கமிஷனருக்கு எழுதினாலும் எக்ஸ், தொலைந்த சைக்கிளுக்காகப் போலீசுக்கு எழுதினாலும் எக்ஸ், இங்கிலீஷ் உலகத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், பாவம், அவருக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு குறை. டிரெயினிங்கிலிருந்து வந்த டீச்சருக்கு அந்த ஆளைத் திடீரென்று பிடிக்காமல் போயிற்று, கைடைப் பாத்துப் பாத்து எழுதி உங்க கை மரத்துப் போச்சு, நெசமா ஒரு ஆளுக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போடுங்க, நெசமா ஒரு பதில் வாங்கிட்டு வாங்க, லெட்டருக்கு அஞ்சு மார்க்கு, பதிலுக்கு அஞ்சு, கவரெல்லாம் வேண்டாம், உள்ள இருக்க காயிதம் போதும், நான் வாசிச்சுக் காட்டுவேன், மூணு வாரம் டைம் என்றார், யாருக்கு எழுதலாம் என்று எல்லாரும் முழிக்கும்போது பாக்கியசீலி என்னைப் பிடித்து எழுப்பியேவிட்டாள், டீச்சர், இவ அப்பா பம்பாயில மேனேஜர், தூக்கத்துலகூட இங்கிலீஷ்தான் பேசுவாவளாம், டீச்சரின் முகம் மலர்ந்தது, அப்படியா, அப்ப உன் பதிலத்தான் கடைசியா வாசிக்கணும், எல்லாருக்கும் ஒரு மாடலா இருக்கும்.

நீல இன்லண்ட் லெட்டரில் எழுதத்தான் செய்தேன், மை டியர் ஃபாதர் என்று தொடங்கி, நான் நலம், நீங்கள் நலமா, அதோடு போய்த் தபால் பெட்டியின் வாயில் பாதிவரை நுழைத்தேன், அப்போது அப்பா தெரிந்தார், பெட்டிக்குள்ளே தெரிந்தாரா வெளியே தெரிந்தாரா சொல்லத் தெரியவில்லை, மாவுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, என் மகள் போட்டிருக்கா என்று லெட்டரைப் பிரிக்கிறார், பிரித்தவர் அப்படியே நிற்கிறார், பின்னால் திருப்பிப் பார்க்கிறார், ஓய் இதுல என்னவே எழுதியிருக்கு என்று பக்கத்து ஆளிடம் கேட்கிறார், அந்த ஆளுக்கும் தெரியாது, எனக்கு ஏதாவது சுகமில்லையோ என்று அவருக்குப் பயம் வந்துவிடுகிறது, மகள் எழுதியதைப் படிக்க மகளின் அப்பா பம்பாயில் ஆள் தேடி அலைகிறார், வேண்டாம், லெட்டரை இழுத்துவிட்டேன், பாதி மானம் அவருடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் முழு மானமும் என்னுடையதுதான், அப்பாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, இங்கிலீஷ் தெரியாது என்பதை அவர் இங்கிலீஷ் தெரிந்தவர்களிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்.

ஆகவே பதிலையும் நானே எழுதினேன், ரூல் போடாத வெள்ளைத்தாள், எழுத்தை இடதுபக்கம் சாய்த்து, மேனேஜர் எழுத்து அப்படித்தான் சாய்ந்திருக்கும் என்று யார் சொன்னதோ, கைடில் இருந்த அப்பாக்கள் எல்லாரையும் ஒன்றாகக் குழைத்து ஒரு அப்பாவைச் செய்தேன், நீ நன்றாகப் படிப்பது அறிந்து மகிழ்ச்சி, உடம்பைப் பார்த்துக்கொள், அம்மாவுக்கு உதவி செய், பொங்கலுக்கு வருகிறேன், எல்லாம் எழுதிய பின்னும் தாளில் இரண்டு விரல்கடை இடம் மிச்சம், அதை நிரப்ப ஒரு வரி வேண்டும், கைடில் இல்லாத ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்தது, ஐ ஆம் நாட் ஆங்ரி வித் யூ, எனக்கு உன்மேல் கோபம் இல்லை, ஏன் எழுதினேன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மேனேஜர் கடிதத்தில் சட்னி வாசம் அடிக்கக் கூடாதே என்று அம்மாவின் பவுடரை எடுத்துத் தாளில் தடவினேன், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, ஏட்டி காயிதத்துக்கு எதுக்குட்டி பவுடர் போடுத, அதுக்கென்ன வேர்க்குரா என்றாள்.

இதோ அந்தக் காகிதம், டீச்சர் கையில், ஒருமுறை தும்மிக்கூட விட்டார், பவுடர் கொஞ்சம் கூடிப்போயிற்று, பொங்கலுக்கு வருகிறேன் என்ற வரியைத் தாண்டிக் கட்டைவிரல் இறங்குகிறது, பாக்கியசீலி என் பாவாடையைச் சுரண்டி, சூப்பர்ட்டி ஒங்கப்பா என்கிறாள், ஐ ஆம் நாட் ஆங்ரி வித் யூ, டீச்சர் அங்கே நின்று நெற்றிக் கண்ணாடிக்குக் கீழிருந்து என்னைப் பார்க்கிறார், கோபப்படற மாதிரி என்னம்மா செய்த என்கிறார், சும்மா டீச்சர் என்கிறேன், வகுப்பு சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வருகிறது, மனதுக்கு அல்ல, என் வலது கைக்கு, ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் யுவர் லவிங் ஃபாதர் என்று முடித்து, கமா போட்டு, அதன் கீழே இந்தக் கை இரண்டு வருஷப் பழக்கத்தில் கோடு மாதிரி சரசரவென்று இழுத்தது என்ன, அப்பா பெயரை, பரமார்த்தலிங்கம் என்றா எழுதியது, இல்லை, எக்ஸ், எக்ஸ், எக்ஸ்.

வகுப்பின் கூரை ஓடுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன, எந்த ஓடு உடைந்தது எதற்குப் பக்கத்தில் சிலந்தி எல்லாம் தெரிகிறது, நான் நிற்பது வகுப்பிலா பம்பாய்த் தெருவிலா, எங்கோ ஹாரன் அடிக்கிறது, பம் பம், ஏ மேனேஜர் மகளே, இட்லி வேணுமா, நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் வந்து வாங்குகிறார்கள், அப்பா கணக்காகச் சட்னி ஊற்றுகிறார், தன்னை மேனேஜர் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது, யுவர் லவிங் ஃபாதர், டீச்சரின் குரல் கடைசி வரிக்கு வந்துவிட்டது, வந்து நின்றது. நின்றதென்றால் நின்றது, வெளியே பி.டி. சார் விசில் ஊதுவது கேட்டது, டீச்சர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், அவர் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து கடைசி வரியின் மேல் உட்கார்ந்துகொண்டது. பாக்கியசீலிக்குப் பொறுக்கவில்லை, அவங்கப்பா பேரு என்ன போட்ருக்கு டீச்சர், மேனேஜர்னு போட்ருக்கா, என்று அரைவாசி எழுந்துவிட்டாள். யுவர் லவிங் ஃபாதர்னு போட்ருக்குல்லா, அதுக்குமேல ஒரு அப்பாவுக்கு என்னட்டி பேரு வேணும், பேசாம உக்காரு என்றார் டீச்சர்.

மூச்சு வந்தது, எங்கே போயிருந்ததோ, வந்தது, முழங்காலிலிருந்து தொடங்கி மேலே மேலே வந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்க டீச்சர் என்னை மேஜைக்குக் கூப்பிட்டார், தாளை நாலாக மடித்து என் உள்ளங்கையில் வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், ஒங்கப்பா கையெழுத்து ஒன்னோடது மாதிரியே இருக்கும்மா, கொஞ்சம் சாஞ்சிருக்கு அவ்வளவுதான், அஞ்சுக்கு நாலரை, அந்த அரை எதுக்குக் கொறஞ்சதுன்னு ஒனக்குத் தெரியும், என்றார், தெரியும் டீச்சர் என்றேன், பொறவு ஒரு விஷயம், ஒங்கப்பாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு, அவங்க எழுதுனது அவங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது. வாசலுக்கு வெளியே பாக்கியசீலி காத்திருந்தாள், அவளிடம் அன்றைக்கே சொன்னேன், மேனேஜரெல்லாம் இல்லட்டி, இட்லி யாவாரம், சைக்கிள்ல, அவள் என்னை ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, இட்லி நல்லாருக்குமா என்று கேட்டாள், நல்லாருக்கும், அப்பொ சரி.

அப்பாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழில் எழுதினேன், எலுமிச்சைச் சோறு முதல் நாலரை மார்க்குவரை எதையும் விடவில்லை, போட்டுவிட்டு அடுத்த பதினொரு நாளும் தபால்காரர் மணி கேட்கும்போதெல்லாம் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன், பன்னிரண்டாம் நாள் அம்மா கதவைத் தட்டி, ஒங்கப்பா காயிதம்ட்டி, எடுத்துப் படி, என்ன எழவெல்லாம் எழுதியிருக்காவ, எனக்கு ஒண்ணும் வெளங்கல என்றாள், மஞ்சள் தபால் அட்டை, எண்ணெய்க் கறையோடு, பெரிய பெரிய எழுத்தில். அன்புள்ள மகளுக்கு, நலம், நலமறிய ஆவல். நான் இங்கிலீஷில் கடிதம் எழுதியதாகவும் டீச்சர் அதைக் கிளாசில் வாசித்ததாகவும் அறிந்து மிக்க சந்தோஷம். அரை மார்க் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை, முதல் தடவை என்பதால் இருக்கும். ரூமில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என்ன எழுதினீர் என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எழுதியதைத் தமிழில் எழுதி உடனே அனுப்பவும்.

உடனே அனுப்பினேன், ஒரு வரிகூட விடாமல், கோபமில்லை என்ற வரியையும் சேர்த்து, இத்தனை வருஷம் கழித்து இப்போதும் ஆபீசில் இங்கிலீஷ் மெயில் அடித்து முடித்துக் கீழே என் பெயரைத் தட்டுகிற நொடியில் கண் ஓரத்தில் அந்த மாடி அறை தெரிகிறது, நான் அதைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் தெரிகிறது, ஏழு பேர் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் நின்று தான் எழுதிய கடிதத்தைச் சத்தமாக வாசிக்கிறார், மாவு காய்ந்த கட்டைவிரல் எழுத்து எழுத்தாக இறங்குகிறது, எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்ற வரிக்கு வந்ததும் நிற்கிறார், ஏழு பேரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், அவர் அந்த வரியை இன்னொரு தரம் தனக்குள் படித்துக்கொள்கிறார், பிறகு அவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிறார், சரியாத்தான்வே எழுதியிருக்கேன்.