கரம் அடைத்த ரசீது

ஜாமீன் உத்தரவாகிவிட்டது என்று வக்கீல் குமஸ்தா ஐயப்பன் சொன்னபோது மரியஜான் நம்பவில்லை. பதினாறு மாதமாக அவர் வாயிலிருந்து வாய்தா என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை.

கொல்லம் ஆண்டு 1107 இடவ மாதத்தில் செய்யது அலி முதலாளியின் கருவாடு அடுக்கிவைத்த கிட்டங்கி எரிந்தது. இரண்டு நாள் முன்புதான் அவள் கணவன் கஸ்பார் எடை குறைகிறது என்று சந்தையில் அவரோடு மல்லுக்கட்டியிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை தொடங்கவே இல்லை. ஒரே சாட்சியான காவல்காரன் நஜ்முதீன் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான்.

"ஆனா ஜாமீன் நிக்க நெலம் உள்ள ஆளு வேணும்," என்றார் ஐயப்பன். "கரம் அடச்ச ரசீது காட்டணும்."

"எங்களுக்கு ரெண்டு வள்ளம் இருக்கே."

"வள்ளம் மெதந்து போயிரும். கோர்ட்டு அத எண்ணாது."

நிலவரி கட்டிய ரசீது தேடிக் கடற்புரம் முழுக்க அலைந்தாள். எல்லா வீடும் புறம்போக்கு மணலில் நின்றது, இல்லையென்றால் கோயில் மண்ணில்.

"கடலுக்குக் கரம் அடைக்க விட்டிருந்தா நாமதாம்ட்டி பெரிய ஜென்மி," என்று பக்கத்து வீட்டு குளோரி சிரித்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் செய்யது அலி முதலாளியே வந்தார். உள்ளே வரவில்லை. காய்ந்துகொண்டிருந்த வலையருகே குடையை ஊன்றி நின்றார்.

"நான் நிக்கேன் ஜாமீன். தென்னந்தோப்பு ரசீது இருக்கு."

குளோரி காதோரம் வந்தாள். "ஏட்டி, சம்மதிக்காத. வெளிய எடுத்து ஆளவிட்டு அடிப்பான்."

மரியஜானுக்கும் அதேதான் தோன்றியது. எரிந்தது அவர் சரக்கு. எரித்தவன் என்று இவரே பெயர் கொடுத்தவனை வெளியே எடுக்க இவருக்கென்ன அவசரம்?

"எதுக்கு மொதலாளி?"

"அவன் வந்து குருசடியில கைவச்சு, எரிக்கலேன்னு சத்தியம் பண்ணணும்."

கடற்புரத்தில் வலைத் தகராறும் வள்ளத் தகராறும் சிலுவை நட்ட குருசடியில்தான் தீரும். கைவைத்துச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்தவனோடு ஒருவனும் வள்ளம் ஏறமாட்டான்.

"நீங்க குருசக் கும்பிடாத ஆளு. ஒங்களுக்கு அதுல என்ன?"

"நான் கும்பிட வேண்டாம். அவன் பயந்தாப் போதும்."

"சாட்சிய வரவழைச்சாலே தெரிஞ்சிருமே?"

குடைமுனை மணலைக் கிளறியது. "நஜ்முதீன் எங்க அக்கா மவன். கொழும்புக்கு அனுப்பினது நாந்தான். அவன் பீடிக்காரன். அதுலதான் தீ பிடிச்சுதோ என்னவோ. ஒன் ஆளு சத்தியம் பண்ணிட்டாம்னா எனக்குத் தெளிஞ்சிரும்."

"பதினாறு மாசம் மொதலாளி!"

அவள் மேலே கத்தவில்லை. கிட்டங்கி எரிந்த அன்று கஸ்பார் வீடு திரும்பியபோது வேட்டியில் புகை நாறியது. அணைக்கப் போனேன் என்றான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கம்பிக்கு இந்தப்புறம் நின்று பொதிசோறு நீட்டிய நாட்களிலும் கேட்கவில்லை.

"வாதியே பிரதிவாதிக்கு ஜாமீன் நிக்கத நான் கண்டதில்ல," என்று முனகிக்கொண்டே ஐயப்பன் கோர்ட்டுத் திண்ணையில் தாளை விரித்தார். ஜெயிலிலிருந்து கூட்டிவந்திருந்த கஸ்பாரின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெருவிரலில் மை தடவியாயிற்று. மரியஜான் முதலாளியின் நிபந்தனையைச் சொன்னாள்.

"சந்தேகம் ஆருக்கு? அவருக்கா, ஒனக்கா?"

"எனக்கும்."

அவளையே பார்த்தபடி விரலைப் பதித்தான். பிறகு முதலாளியிடம் திரும்பினான். "பண்ணுகேன். ஒங்க மருமவனும் வரட்டும். நான் குருசுல கைவைக்கேன், அவன் குர்ஆன்ல வைக்கட்டும். ஒரே நாள்ல."

முதலாளியின் பேனா தாளுக்குமேல் நின்றது.

"கடுதாசி எழுதுகேன்," என்று சொல்லி முதலாளி கையெழுத்துப் போட்டார்.

உச்சி வெயிலில் கணவனும் மனைவியும் கடற்புரம் வந்து சேர்ந்தார்கள். குருசடி வந்ததும் கஸ்பார் நின்றான்.

"மொதலாளிக்கு அவன் வந்த பொறவு. ஒனக்கு இப்பமே."

குருசடிக் கல்லில் உள்ளங்கையை முழுசாக வைத்தான். "நான் எரிக்கல. அணைக்கத்தான் போனேன்."

சொல்லிவிட்டும் கையை எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுங்க கைய," என்றாள் மரியஜான். "கல்லு சுடும்."