நாற்பத்திரண்டு சுற்று

மேலத்தாங்கலில் காலை ஆறு மணிக்குக் குடிதண்ணீர் வர வேண்டுமென்றால் அம்மாசியை இடப்பக்கமாக நாற்பத்திரண்டு சுற்று திருக வேண்டும். எட்டு மணிக்கு வலப்பக்கமாக அதே நாற்பத்திரண்டு திருகினால் தண்ணீர் நின்றுவிடும். இதற்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையெல்லாம் கிடையாது.

ஊர்க்கோடியில் இருக்கும் பெரிய வால்வை இருபது வருடம் கையால் திறந்து மூடியவர் அவர்தான். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அதற்கு மின்மோட்டார் பொருத்த ஜெயப்பிரகாஷ் என்ற ஒப்பந்தக்காரர் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தார். மோட்டார் மாட்ட ஒரு முறை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை வால்வுக் குழிக்குள் இறங்குகிறவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டு மாட்டுவதற்கென்றே சுவிட்சுப் பெட்டியில் ஓட்டையும் இருந்தது. அதில் மாவிலையைச் செருகினார்கள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அத்தனை பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்களே தவிர, மெயினை ஒருத்தரும் பார்க்கவில்லை. அம்மாசி குழிக்குள் வால்வுத் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஊர்த்தலைவர் தங்கதுரை பூசணிக்காயை உடைத்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். தண்டோடு அம்மாசியும் நாற்பத்திரண்டு சுற்று சுற்றினார். ஒரு கீறல் இல்லை. மேலே ஏறி வந்து டீ குடித்தார்.

மறுநாள் காலை மோட்டார் ஓடியபோது, வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நின்ற இடத்திலேயே சுழன்றார். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். அவர் மனைவி தைலம்மாள் ஜெயப்பிரகாஷைத் தேடிப் போனாள்.

"மெயின பூட்டிட்டு, மோட்டார கழட்டி, திரும்ப முறையா மாட்டணுங்க. அப்ப அது அவர வுட்டுடும். ஆனா ரெண்டு நாளு ஊருக்குத் தண்ணி வராது" என்றார் அவர்.

தங்கதுரை மறுக்கவில்லை. "வைகாசி முகூர்த்தம் முடியட்டும்மா" என்றார். பிறகு ஆடிக் கூழ் வந்தது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. ஊரார் கெட்டவர்கள் இல்லை. அம்மாசியைப் பார்க்க வரும்போது ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கி வந்தார்கள். இரண்டு நாள் தண்ணீரைத்தான் அவர்களால் கொடுக்க முடியவில்லை.

மூன்றாம் வருடம் மோட்டார் எரிந்துபோனது. ஊர் வறண்டு கிடந்தது. இப்போதாவது கழற்றுவார்கள் என்று தைலம்மாள் வாசலில் காத்திருந்தாள். தங்கதுரை இரண்டு ஆட்களோடு வந்தார். நேராக உள்ளே போய், அம்மாசியின் தோளைப் பிடித்துத் திருகிப் பார்த்தார்கள். தெருக் குழாயில் தண்ணீர் கொட்டியது. அதற்குப் பிறகு மோட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லை. அது இன்னும் அங்கேயே துருப்பிடித்து, வால்வையும் அம்மாசியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆட்கள் முரட்டுத்தனமாகத் திருகினார்கள். ஒருநாள் கணக்கு தவறி நாற்பத்தைந்து வரை போனதில் அவருக்கு விலா எலும்பு விரிசல் விட்டது. தைலம்மாள் அவர்களை வாசலோடு நிறுத்தினாள். அன்றிலிருந்து அவளேதான் திருகுகிறாள். புருஷனைத் தரையில் நிற்க வைத்து, இடுப்பைப் பிடித்து, மெதுவாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

போன மாதம் ஒரு காலை, முப்பதாவது சுற்றில் அவர் அவள் கையைப் பிடித்தார்.

"போதும் தைலம். முடியல."

அவள் குழாயடியை எட்டிப் பார்த்தாள். அவளுடைய குடம் காலியாக இருந்தது.

"நம்ம தெருவுக்கு இன்னும் ஏறலைங்க" என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்று என்றாள்.