ஒஸ்மோவின் இடுப்பளவு

தாளில் எழுதி வரும் அளவை நூருல்லா பாய் நம்புவதில்லை. எவன் அளந்தானோ, டேப்பை எங்கே பிடித்தானோ. மூக்கண்டப்பள்ளி தையல் கம்பெனியில் முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவர். ஆளைத் தொட்டு அளந்தால்தான் அவருக்குக் கத்திரி ஓடும்.

அதனால்தான் அக்டோபரில் பின்லாந்துக்காரன் ஒஸ்மோ போட்டி உடுப்பு தைத்துக்கொள்ள நேரில் வந்தபோது, அவன் கொண்டுவந்த அளவுத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தானே டேப்பை எடுத்தார். முப்பத்து மூன்று வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. காலில் இரண்டு நீளப் பலகையை மாட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கி வந்து, அந்தரத்தில் தாவி, நூறு மீட்டருக்கு அப்பால் இறங்குவது அவன் பிழைப்பு. நாலு வயதில் ஆரம்பித்தானாம். பத்தொன்பதில் பெரிய போட்டியில் மூன்றாமிடம். இருபத்து நாலில் முட்டி உடைந்து ஒரு வருஷம் படுக்கை. எழுந்து மறுபடியும் போய்க் குதித்திருக்கிறான்.

"பைத்தியக்காரப் பய" என்றார் பாய். ஆனாலும் குதிக்கிற உடுப்பை வெட்டிக் கொடுத்தார். அது வழியில் எங்கெங்கோ முடங்கி, ஜனவரியில் போட்டிக்கு முதல் நாள்தான் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

போட்டி நாள் மதியம் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள் தர்ஷினி. வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற வேலை அவளுக்கு.

"இன்னிக்கு சாயந்திரம் ஒஸ்மோ குதிக்கிறான் பாய். மொத பத்து எடத்துக்குள்ள வந்தாத்தான் டீம்ல வெச்சுப்பாங்க. போன வருசம் மாதிரி கோட்டை வுட்டா வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"ஏன், போன வருசம் என்னா ஆச்சு?"

"நல்லாத்தான் குதிச்சான். எறங்குனதும் டிரெஸ்ஸை அளந்தாங்க. இடுப்புல லூசு. கணக்குலயே சேத்துக்கல."

"லூசா இருந்தா என்னாவாம்? மனுசன் மூச்சு வுட வேணாமா?"

"லூசா இருந்தா காத்து ரொம்பி ஆளைத் தூக்கிட்டுப் போவும். அது மோசடி."

பாயின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இடுப்பை அளக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரலை விட்டுப் பிடிப்பது இங்கத்துத் தையல்காரன் கை தானாகச் செய்கிற வேலை. சாப்பிட்டால் வயிறு உப்பும், உட்கார்ந்தால் பிடிக்கும். ஒஸ்மோவின் இடுப்பிலும் அந்த இரண்டு விரல் உள்ளே போயிருந்தது.

"போனைப் போடு."

"சாப்புட்டுட்டு..."

"போடுன்றேன். தாள்ல இருந்ததுதான் சரியான அளவு, பாய்தான் தப்பா அளந்தான்னு சொல்லு. பூசி மெழுகாத, அப்படியே சொல்லு."

வீடியோவில் ஒஸ்மோ ஓட்டல் அறையில் இருந்தான். உடுப்பைப் போட்டு அளந்து பார்த்தான். ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம். மைதானத்துக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம். நல்லவேளை, அவன் டீம் போகிற இடமெல்லாம் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போகும். அவனுக்கும் தைக்கத் தெரியும்.

"ரெண்டு விலாத் தையலையும் பிரிக்கச் சொல்லு. பக்கத்துக்கு முக்கால் சென்டிமீட்டர் கொறையற மாதிரி உள்ள தள்ளி அடிக்கட்டும்." ஒஸ்மோ மிஷினில் உட்கார்ந்து மிதித்தான். "மெதுவா மிதிடா, பைக்கா ஓட்டறே?"

"அதையும் சொல்லணுமா பாய்?"

"அதைத்தான் மொதல்ல சொல்லணும்."

தைத்து, போட்டு, அளந்தான். சரி என்று கட்டை விரலைக் காட்டினான். பாய் நம்பவில்லை. இன்னொரு தடவை அளக்க வைத்தார்.

மாலை ஏழரைக்கு கேட் எதிரே டீக்கடையில் தர்ஷினியின் போனைச் சுற்றிப் பதினைந்து பேர். சரிவின் உச்சியில் உட்கார்ந்திருந்த ஒஸ்மோ கம்பியிலிருந்து கையை விட்டான். குனிந்தபடி அம்பு மாதிரி வந்தான். சரிவின் விளிம்பு. அவ்வளவுதான், ஆள் காற்றில். பலகைகள் விரிய, மூக்கு நுனி பலகையைத் தொடுகிற மாதிரி படுத்துக்கொண்டே போனான், போனான், இன்னும் இறங்கவில்லை. "எறங்குடா டேய்" என்று எவனோ கத்தினான். நூற்று முப்பத்தொரு மீட்டரில் தரையைத் தொட்டான். ஆறாவது இடம்.

யாரும் கைதட்டவில்லை. அவனை அளக்க உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். மூடிய கதவையே காட்டிக்கொண்டிருந்தது போன். பாயின் டீ ஆடை கட்டியது.

கதவு திறந்தது. ஒஸ்மோ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தான். டீக்கடை அதிர்ந்தது.

"அளந்துட்டாங்களா? நெசமாலுமா?"

"அளந்துட்டாங்க பாய். ஆறாவதுதான். மாத்தல."

பாய் அவள் கையிலிருந்த போனுக்குள் தலையை நுழைத்தார்.

"அவன் குதிச்சதை இன்னொருக்கா போடும்மா. நான் அவன் இடுப்பையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."