யாரும் கூப்பிடாத வருஷம்

நைரோபி அலுவலகத்தில் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் முட்டிசோ, பதவி உயர்வு கேட்டு மேலாளர் நஃபூலாவின் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"போன வருஷம் சர்வர் நாலு தடவை விழுந்துச்சு. ஓடி ஓடித் தூக்கி நிறுத்தின, எல்லாரும் கை தட்டினாங்க. இந்த வருஷம் என்னப்பா பண்ணின?" என்று கேட்டாள் அவள்.

"இந்த வருஷம் யாரும் என்னைக் கூப்பிடவே இல்லையே, மேடம். விழுந்தா தானா எழுந்துக்கற மாதிரி புரோகிராம் எழுதி வச்சிட்டேன்."

"அப்ப வருஷம் பூரா சும்மாதான் உட்கார்ந்திருந்திருக்க."

முட்டிசோ கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"சரி வா, கிதேரி சாப்பிட்டு வரலாம். போன் இங்கயே இருக்கட்டும்."

"யாராவது கூப்பிட்டா?"

"உன் வேலையை நீயே நம்பலன்னா நான் எப்படி நம்பறது?"

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனான். சாப்பிடும்போது நான்கு முறை சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான்.

"கைக்குழந்தையை அடுத்த வீட்டுல விட்டுட்டு வந்தவ மாதிரி தவிக்கறியே" என்று நஃபூலா சிரித்தாள்.

திரும்பி வந்தபோது யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. சர்வர் அனுப்பிய ஒரு செய்தி மட்டும் இருந்தது: மதியம் 1.10-க்கு விழுந்தது, 1.11-க்கு எழுந்தது.

முட்டிசோவின் முகம் வெளிறியது. "விழுந்திருக்கு, மேடம்."

"யாருக்காவது தெரிஞ்சுதா?" என்று கேட்டபடியே நஃபூலா அவனுடைய பதவி உயர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.