எட்டாம் நம்பர் கிட்

துரைராசுவுக்கு எட்டு என்றாலே ஆகாது. அஷ்டமியன்று வேனை எடுக்க மாட்டார். எட்டு மணிக் கச்சேரியை ஏழே முக்காலுக்கே தொடங்கிவிடுவார். மனுஷன் அதோடு நின்றாரா? அவருடைய இன்னிசைக் குழுவில் பேட் வாசிக்கும் இசைவாணியின் மெஷினுக்குள்ளும் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

பேட் என்பது ஒன்பது ரப்பர் கட்டங்கள் வைத்த பலகை. குச்சியால் தட்டினால் தவில் என்றால் தவில், உடுக்கை என்றால் உடுக்கை. ஒன்பது கட்டத்துச் சத்தமும் சேர்ந்தது ஒரு கிட். பாட்டுக்குப் பாட்டு கிட்டை மாற்ற வேண்டும். "எட்டாம் நம்பர் கிட்டுல நல்லது எதையும் வைக்காதே வாணி" என்று துரைராசு முதல் நாளே சொல்லிவிட்டார். அது காலியாகவே கிடந்தது. போன மாதம் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு திருவிழா நாடகம். மயானக் காட்சிக்குச் சங்கும் சேகண்டியும் வேண்டியிருந்தது. "அந்தக் கருமத்துக்கு எட்டுதான் தோதான இடம்" என்று சொன்னவரும் அவரேதான். இசைவாணி வைத்தாள். கல்யாணக் கச்சேரிகளில் ஏழிலிருந்து ஒன்பதுக்குக் கையால் திருகிப் போய்விடுவாள். ஒரு வம்பும் வந்ததில்லை.

இன்றைக்கு வலங்கைமானில் வரவேற்பு, நாளைக் காலை முகூர்த்தம். வேனில் வரும்போதே துரைராசு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நீ திருகுற நேரத்துல பாட்டு அந்தரத்துல தொங்குது. இன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா அடுத்த கச்சேரிக்கு லேப்டாப் வந்துடும். தாளம் பூரா அதுலயே ஓடும். நீ வீட்டுல இருந்துக்க."

இசைவாணி மெஷின் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பகலெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர் விரலைக் குத்திக்கொண்டிருப்பவள் அவள். சாயங்காலம் இந்தக் குச்சிகளைப் பிடித்தால்தான் அவளுக்கு உயிர் வரும். அதைப் போய் ஒரு பெட்டிக்கு விட்டுக்கொடுப்பதா?

மண்டபத்தில் மைக்செட்காரர்கள் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோதே மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது மூலைப் பேடின் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு வேலை கொடுத்தாள்: தட்டினால் அடுத்த கிட்டுக்குப் போக வேண்டும். இடது மூலைப் பேடுக்கு இன்னொரு வேலை: தட்டினால் எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும். தட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பொட்டு பொட்டென்று மாறியது.

"எப்படிண்ணே?" என்றாள்.

துரைராசு மூக்கைச் சொறிந்தார். அவரிடமிருந்து அவ்வளவு வந்தாலே பெரிய பாராட்டு. அந்தப் பூரிப்பில் மூன்றோடு நிறுத்திக்கொண்டாள், பாவி மகள். எட்டு வரைக்கும் தட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஏழு பாட்டு ஜம்மென்று போயிற்று. ஏழாவது, தாலாட்டு மாதிரி ஒரு மெதுவான பாட்டு. அது முடிந்ததும், "அடுத்து அதிரடிக் கும்மி!" என்று துரைராசு மைக்கில் முழங்கினார். தொடங்கிவைக்க வேண்டியவள் இசைவாணி. வலது மூலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, இரண்டு குச்சியையும் ஓங்கி நடுப் பேடுகளில் ஒரே போடு போட்டாள்.

பூ...ம்ம்ம். டண். டண்.

மெஷினுக்கு ஏழுக்கு அடுத்தது எட்டுதான். அதற்கு அஷ்டமி தெரியுமா, நவமி தெரியுமா?

மேடையில் மாப்பிள்ளை இளஞ்செழியன் முகத்தில் ஈயாடவில்லை. பந்தியில் போளியைப் பிட்ட கைகள் அப்படியே நின்றன. முன்வரிசையில் பெண்ணின் அத்தை அகிலாண்டம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அடப்பாவிகளா! விடிஞ்சா தாலி கட்டணும், எவன்டா சங்கு ஊதுறது?"

சங்கு அதுபாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. நாடகத்துக்காகப் பிடித்த சத்தம், முழுசாக அரை நிமிஷம் வரும். இசைவாணி பதறிப்போய் இடது மூலையைத் தட்டினாள். நின்றது. அந்த அமைதி சங்கைவிட மோசமாக இருந்தது. போச்சு, நம்ம சோலி முடிஞ்சுது என்று நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு தும்மல் காதில் விழக் கூடாதென்றுதானே தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுகிறோம்? தும்மலை அமுக்குகிற மேளம் சங்கை அமுக்காதா?

வலது மூலையில் இன்னொரு தட்டு. ஒன்பது வந்தது, தவில் வந்தது. கொட்டினாள் பாருங்கள் கெட்டிமேளம், ஸ்பீக்கர் பெட்டிகள் அதிர்ந்தன.

பழகிய காது சும்மா இருக்குமா? மண்டபமே எழுந்து நின்றது. அட்சதைக்குக் கை போயிற்று, அட்சதை ஏது? கையிலிருந்த மிக்சரைத் தூவினார்கள். ஒருவர் பூச்செண்டையே பிய்த்து வீசினார். மாப்பிள்ளை தாலியைத் தேடுகிறவன் மாதிரி கோட்டுப் பையைத் தடவ, அதைப் பார்த்த மணப்பெண் ஷோபனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததும்தான் மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கலகலப்பு அடங்குவதற்குள் துரைராசு கும்மிப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் அகிலாண்டம் நேராக மேடைக்கு வந்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, மெஷின் கோளாறு" என்று துரைராசு கையைக் கூப்பினார்.

"மெஷினாவது மண்ணாவது! வந்த கோவத்துக்கு உங்கள வெளியில தள்ளியிருப்பேன். இந்தப் பொண்ணு கொட்டுன கொட்டுல பீடையெல்லாம் குடமுருட்டி ஆத்தைத் தாண்டி ஓடியிருக்கும். நல்லா இரும்மா. சாப்பிடாம போயிடாத."

அத்தை போன பிறகு துரைராசு வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டியதையே மறுபடி பிரித்துச் சுருட்டினார். இசைவாணியால் பொறுக்க முடியவில்லை.

"தப்பு என்னுதுதாண்ணே. அப்ப... லேப்டாப் வாங்கிடுவீங்களா?"

"லேப்டாப்பா?" துரைராசு வயரைக் கீழே போட்டார். "அதுவா இருந்தா அரை நிமிஷச் சங்கையும் ஊதி முடிச்சிட்டுத்தான் நின்னிருக்கும். நம்மள முழுசா வீட்டுக்கு விட்டிருப்பாங்களா? ஞாயித்துக்கிழமை மயிலாடுதுறையில கச்சேரி. நாலு மணிக்கு வேன் வரும், வாசல்ல நில்லு."