பூட்டுக் கடை வாசல்

"கண்ணாடிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"பாத்திரம் பாக்குறேன்."

"இது பூட்டுக் கடைங்க."

"அதான்... பூட்டு போட்ட பாத்திரம் இருக்கான்னு பாக்குறேன்."

போன வருடம் கடைத்தெருவில் கணவரோடு நடந்த இந்தப் பேச்சு, மருத்துவர் அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மீட்டரம்மாவுக்கு ஏனோ நினைவுக்கு வந்தது. வீடு வீடாக மின்மீட்டர் பார்ப்பவள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவள் நடை மற்றவர்களுக்கு ஓட்டம். கடிகாரம் பழுது பார்க்கும் கணவரோ நாலு கடைக்கு ஒரு தரம் நின்றுவிடுவார். தன்னோடு நடக்கப் பிடிக்கவில்லை என்று அவளாக முடிவுகட்டியிருந்தாள்.

இந்த வருடம் கால்வலி என்று அவர் சொன்னபோது, முதுகுதான் காரணம் என்று ஒரு மருத்துவர் பெல்ட் கட்டினார். ரத்தக்கொதிப்புக்கு இன்னொருவர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார். இந்த அறுவை சிகிச்சை மருத்துவர்தான் தொடை இடுக்கிலும் பாதத்திலும் விரல் வைத்து, துடிப்பு கிடைக்காமல், ஸ்கேனுக்கு அனுப்பினார்.

இப்போது திரையில் வயிற்றின் நடுவே வெள்ளையாகக் கட்டிகட்டியாக ஏதோ தெரிந்தது.

"இதயத்துலேருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் இது. உள்ள சுண்ணாம்பு பவளப்பாறை மாதிரி வளர்ந்து அடைச்சிருக்கு. சிறுநீரகத்துக்கு ரத்தம் போதல, அதான் கொதிப்பு அடங்கல. காலுக்கும் போதல. நடந்தா வலிக்கும், நின்னா விட்டுடும். குழாயைத் திறந்து பாறையை எடுக்கணும். ஆபத்து இருக்கு. விட்டா சிறுநீரகம் போயிடும்."

"கால்வலின்னு வந்தா வயித்தைத் திறப்பீங்க. தலைவலின்னு வந்திருந்தா?" என்றார் கணவர்.

"அது வேற டாக்டர் பாடு. யோசிச்சுச் சொல்லுங்க" என்று மருத்துவர் வெளியே போனார்.

'நின்னா விட்டுடும்.' மீட்டரம்மா மெல்லத் திரும்பினாள்.

"அப்போ பூட்டுக் கடையில நின்னது?"

"வலி."

"சொல்ல வாயில்லையா?"

"நீ திரும்பி வர்றதுக்குள்ள வலி போயிடுமே. அப்புறம் என்னத்தைச் சொல்ல?"

கோபமா, அழுகையா, அது யார் மேல் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிக்காமல் நிற்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக நடந்த தெருக்களெல்லாம் கண்முன் குழம்பின. பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

"பண்ணிக்கறேன்" என்றார் அவரே. "ஆனா ஒண்ணு கேக்கணும். கல்யாணமான நாள்லேருந்து வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போகுது."

"கேளுங்க."

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"கால் சரியானப்புறமும் நீ கொஞ்சம் மெதுவா நடம்மா. என் பக்கத்துல."